தானாக முளைத்த செடிகள்

களை என்பது யாது என உழவன் ஒருவனைக் கேட்டால், நட்ட பயிருக்கு இட்ட எருவையும் இறைத்த நீரையும் பங்குபோட வரும் வேண்டாத செடி என்று அவன் விடை கூறுவான். அவன் கூற்று முற்றிலும் பொருந்தும். வெங்காயத் தறையிலே கோரை மண்டினால் வெங்காயம் குன்றும்; மிளகாய்த் தோட்டத்திலே புல் மலிந்தால் விளைவு குறையும். தோட்டக்காரன் களை பிடுங்குவது தன் உழைப்பைக் காத்தற்பொருட்டேயாம். ஆனால் வீட்டு வளவிலே, வேலியோரத்திலே, கிணற்றடிக்கு அப்பாலே, ஒரு பயிரும் நடப்படாத நிலத்திலே முளைக்குஞ் செடி எந்தப் பயிருக்குப் பகையாகின்றது? எவருடைய எருவை அது திருடுகின்றது? எனினும் அதனையும் களையென்றே சொல்லுகிறோம். கண்டவுடன் மண்வெட்டியை எடுக்கிறோம்.

நேயர்களே, இன்று நான் பேச எடுத்துக்கொண்டது, நாம் விதையாமலும் நீர் வாராமலும் வீட்டு வளவிலே தானாக முளைக்குஞ் செடிகளைப் பற்றியாகும். அவற்றிற்கென வளவின் ஒரு மூலையையாயினும் விட்டுவைத்தல் நன்று என்பது என் கருத்து. அதனோடு சேர்த்து இன்னொன்றுஞ் சொல்ல வேண்டும். செடியை வளர விடுதல் வேறு. நிலத்தைக் கவனியாது விடுதல் வேறு. எல்லாவற்றையும் வெட்டி எறிவதற்குக் கைவலிமை போதும். எதனை விடலாம், எதனை விடலாகாது என்று தெரிந்து விடுவதற்கு அறிவு வேண்டும். அவ்வறிவின் முதற்படி, செடியின் பெயரை அறிதல்.

யாழ்ப்பாணத்திலே ஆவணி, புரட்டாதி மாதங்களில் வளவுகளை நோக்கினால், செம்மண் நிலம் வெடித்து, புல்லுங் கருகி, உயிரற்றது போலக் கிடக்கும். ஐப்பசி பிறந்து வடகீழ்ப் பருவக்காற்று மழையைக் கொணர்ந்ததும், ஒரு வாரத்துக்குள் நிலம் முழுவதும் பச்சை பூத்துவிடும். இவற்றை விதைத்தவர் யார்? காற்றுஞ் சில விதைகளைக் கொணர்ந்திருக்கும். பறவையும் எறும்புஞ் சிலவற்றைக் கொணர்ந்திருக்கும். ஆயினும் பெரும்பாலானவை அந்த மண்ணிலேயே உறங்கிக் கிடந்த விதைகள். மண் ஒரு களஞ்சியம். சென்ற ஆண்டின் விதையும், அதற்கு முந்திய பல ஆண்டுகளின் விதையும் அதிலே சேமிப்பாய்க் கிடக்கின்றன.

விதையின் பொறுமை எத்துணைப் பெரிது என்பதற்கு ஒரு சான்று கூறலாம். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து விவசாயக் கல்லூரியிலே தாவரவியல் பயிற்றிய வில்லியம் பீல் என்பவர் 1879ஆம் ஆண்டிலே ஒரு சோதனையைத் தொடங்கினார். 21 வகைச் செடிகளின் விதைகளை எடுத்து, வகைக்கு 50 விதையாக மணலொடு கலந்து, 20 போத்தல்களில் இட்டு மண்ணிலே புதைத்தார். ஆண்டுகள் பல இடைவிட்டு ஒவ்வொரு போத்தலாக அகழ்ந்தெடுத்து விதைகள் முளைக்கின்றனவா என்று பார்க்க வேண்டும் என்பது அவர் ஏற்பாடு. அவர் மறைந்த பின்னரும் அடுத்தடுத்து வந்த ஆசிரியர்கள் அச்சோதனையைக் கைவிடவில்லை. 2021ஆம் ஆண்டிலே ஒரு போத்தலைத் திறந்தபோது, 142 ஆண்டுகள் மண்ணுள் இருந்த விதைகளுட் சில முளைத்தன. நம் வளவிலுள்ள எல்லா விதைகளும் அத்துணைக் காலம் வாழும் என்று இதனாற் கொள்ளலாகாது. விதைக்கு விதை ஆயுள் வேறுபடும். எனினும், களையை ஒருமுறை வெட்டியதும் அதன் கதை முடிந்தது என்று எண்ணுவோருக்கு இச்சோதனை நல்ல பாடமாகும்.

இனி, மழைக்குப் பின் நம் வளவிலே எவை எவை எழுகின்றன என்று நோக்குவோம். முற்றத்தின் ஓரத்திலே அறுகு படரும். அறுகின்றிப் பிள்ளையாருக்குப் பூசையில்லை. அறுகரிசியின்றி மணமக்களுக்கு வாழ்த்தில்லை. அதன் அருகே வெள்ளை வெளேரென்று பூத்து நிற்பது தும்பை. சற்று நிழலான இடத்திலே கீழ்க்காய்நெல்லி தன் இலைக்காம்பின் கீழே மணிமணியாய்க் காய்களை மறைத்து வைத்திருக்கும். குப்பை கொட்டும் இடத்திலே குப்பைமேனி நிற்கும். அதற்குப் பூனைவணங்கி என்று இன்னொரு பெயருண்டு; அதனைப் பிடுங்கி வேரை வெளியே இட்டால், பூனை தேடிவந்து முகர்ந்து புரளக் காணலாம். நீர் தேங்கும் பக்கத்திலே பொன்னாங்காணி. வேலியிலே கொவ்வை, முடக்கொத்தான், முசுட்டை, தூதுவளை. முடக்கொத்தானின் காய் காற்றடைத்த பை போன்றது. உடைத்துப் பார்த்தால் கரிய விதையின்மேல் வெண்ணிறத்தில் இருதய வடிவம் வரைந்திருப்பதைச் சிறு பிள்ளைகளும் கண்டு வியப்பர்.

இவற்றுட் பல நம் அடுக்களையோடு உறவுடையவை. முசுட்டையிலை வறையும், தூதுவளைச் சம்பலும், பொன்னாங்காணிச் சுண்டலும் விலைகொடுத்து வாங்கிய கறிகள் அல்ல. மழைக்காலத்திலே தோட்டத்து மரக்கறி அழுகிச் சந்தையிலே விலை ஏறும்போது, வேலி கறி கொடுக்கும். இதனை அறிந்த இல்லத்தரசி கத்தியும் கடகமும் எடுத்துக்கொண்டு வேலியடிக்குப் போவாளேயன்றிச் சந்தைக்குப் போகாள்.

தமிழிலக்கியத்திற் பயிற்சியுடையோருக்கு இச்செடிகள் வேறொரு வகையிலும் உறவுடையன. நம் முன்னோர் நிலத்தை ஐந்தாக வகுத்து, அவற்றிற்குக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று பெயரிட்டனர். இவை தோட்டத்திலே பாத்திகட்டி வளர்த்தவை அல்ல; தாமே தோன்றித் தத்தம் நிலத்தை அடையாளங் காட்டி நின்றவை. போரைப் பாட வந்தபோதும் அவ்வாறே செய்தனர். மதிலை வளைத்தலுக்கு உழிஞை என்றும், அதனைக் காத்தலுக்கு நொச்சி என்றும், எதிர்நின்று பொருதலுக்குத் தும்பை என்றும் பெயர் வைத்தனர். உழிஞையாவது முடக்கொத்தானே என்பர். அரசர் சூடிய மாலை இன்று நம் வேலியிலே தொங்குகின்றது. நாமோ அதனைக் கொக்கத்தடியால் இழுத்துக் கீழே போடுகிறோம். கபிலர் குறிஞ்சிப்பாட்டிலே 99 பூக்களை ஒருங்கே அடுக்கிச் சொன்னார். இன்று நம் உயர்வகுப்பு மாணவர் ஒருவரை அழைத்து, தம் வளவிலே நிற்கும் பூண்டுகளுட் பத்தின் பெயரைச் சொல்லும்படி கேட்டால் எத்தனை பேர் தேறுவர்?

பெயர் மறைவதற்குக் காரணம் மாணவர்மீது மட்டும் உள்ளதன்று. செடி நிற்கும் இடமே மறைந்து வருகின்றது. முன்னர் யாழ்ப்பாணத்து வளவுகளுக்கு எல்லை உயிர்வேலியாகும். பூவரசு, கிளுவை, முள்முருக்கு ஆகியவற்றின் கதிகால்களை நாட்டிக் கிடுகோ மட்டையோ கட்டி அடைப்பர். அந்தக் கதிகாலே கொடிகளுக்குக் கொழுகொம்பு. அதன் அடிநிலம் மண்வெட்டி படாத நிலம். ஆதலின் பூண்டுகளுக்கு அதுவே புகலிடம். இன்று வேலியிருந்த இடத்திலே சீமெந்து மதில் எழுந்துள்ளது. மதில் காவலுக்கு நல்லது. ஆண்டுதோறும் அடைக்கும் செலவும் இல்லை. மதில் கட்டியவரைக் குறைகூறுதல் என் நோக்கமன்று. ஆனால் மதிலிலே முசுட்டை படராது. வேலி போனதோடு அதன் கீழ் வாழ்ந்த ஒரு கூட்டமும் போயிற்று. அதன் பெயர்களும் உடன் போகின்றன.

பெயரின் மதிப்பை உணர்ந்த ஒருவரை இங்கே நினைவுகூர்தல் தகும். பேராதனைப் பூங்காவின் அதிபராயிருந்த ஹென்றி திரைமன் இலங்கைத் தாவரங்களைப் பற்றிய பெருநூலொன்றை எழுதத் தொடங்கி, 1893ஆம் ஆண்டிலே அதன் முதற் பகுதியை வெளியிட்டார். 1896இல் அவர் மறைந்தார். எஞ்சியதை ஜோசப் ஹூக்கர் என்னும் அறிஞர் முடித்துவைத்தார். இலத்தீன் பெயரோடு நின்றுவிடாமல், செடிகளுக்கு இந்நாட்டு மக்கள் வழங்கிய சிங்களப் பெயர்களையும் தமிழ்ப் பெயர்களையும் திரைமன் அந்நூலிலே பதிந்துவைத்தார். கடல்கடந்து வந்தவர் கேட்டறிந்து எழுதிய பெயர்களை, அம்மொழியையே பேசும் நாம் மறக்கலாமா?

இனிப் பயனைப் பற்றிச் சில சொல்லுவேன். யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வற்றாத ஆறு இல்லை. மாரியிலே பெய்யும் மழை மண்ணுள் இறங்கிச் சுண்ணக்கல்லின் வெடிப்புகளிலே தங்குவதே ஆண்டு முழுவதும் நாம் கிணற்றில் அள்ளும் நீர். வெறுமையாய்க் கூட்டி இறுகிய நிலத்தில் மழைத்துளி அடித்தால், மண் சேறாகிக் கரைந்து, நீரோடு ஒழுங்கைக்கு ஓடும். செடி மூடிய நிலத்திலோ இலை துளியின் வேகத்தைத் தாங்கும். வேர் மண்ணைப் பிடித்து நீரைக் கீழே இறக்கும். காவிளாய் போன்ற அவரைக் குடும்பத்துப் பூண்டுகள் இன்னொரு தொண்டுஞ் செய்கின்றன. அவற்றின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைதரசனைப் பயிர் உண்ணத்தக்க உரமாக்குகின்றன. நம் கமக்காரர் காவிளாயையும் பூவரசங் குழையையும் தோட்டத்திலே தாட்டுப் பசளையாக்கியது இதனாலன்றோ?

பூச்சிகளின் உதவியும் பெரிது. பூசணியிலும் பாகலிலும் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. தேனீயோ வண்டோ வந்து மகரந்தத்தைச் சேர்த்தாலன்றிப் பிஞ்சு பிடியாது. கத்தரிப்பூவின் மகரந்தம் சிறு துளை வழியாக வெளிப்படுவது; கருவண்டு பூவைப் பற்றிக்கொண்டு உடலை அதிர்க்கும்போது அது நன்றாக உதிர்கின்றது. நம் கத்தரியும் பூசணியும் பூப்பது சில மாதமே. எஞ்சிய மாதங்களிலே இப்பூச்சிகள் எதனை உண்டு வாழும்? தும்பையும் மூக்குத்திப்பூண்டுமே அவற்றிற்கு அன்னசத்திரம். சத்திரத்தை இடித்துவிட்டு, வேலையாள் வரவில்லையே என்று வருந்துவதிற் பயனில்லை.

வண்ணத்துப்பூச்சியின் வாழ்வோ இன்னும் நுட்பமானது. அது தேன் உண்ணும் பூக்கள் பலவாயினும், முட்டையிடும் செடி குறித்த சிலவேயாகும். செம்மஞ்சட் சிறகோரத்திலே கருமையும் வெண்புள்ளியும் உடைய ஒரு வண்ணத்துப்பூச்சியை நம் வளவுகளில் அடிக்கடி காணலாம். அதன் புழு எருக்கலையிலையைத் தின்று வளர்வது. எருக்கலைப் பாலிலுள்ள நஞ்சு அதன் உடலிலே தங்கிவிடுதலாற் பறவைகள் அதனைத் தீண்டா. கரிய சிறகும் சிவந்த உடலும் உடைய இன்னொன்று ஆடுதின்னாப்பாளையிலே முட்டையிடும். எருக்கலையும் ஆடுதின்னாப்பாளையும் இல்லாத ஊரிலே ரோசாச் செடிகள் எத்தனை வைத்தாலும் இவை பெருகமாட்டா.

இவ்வளவு நன்மை இருந்தும் நம் மக்கள் வெறுநிலத்தையே விரும்புவது ஏன்? அதற்குத் தக்க காரணங்கள் உண்டு. அவற்றை எளிதாகத் தள்ளிவிடலாகாது. முற்றம் கூட்டிச் சாணி தெளித்துக் கோலமிடுவது நம் குடும்ப ஒழுக்கத்தின் அடையாளம். அதனினும் ஆழமான காரணம் ஒன்றுண்டு. 1990ஆம் ஆண்டிலே வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தோரிற் பலர், இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்திருந்தே தம் காணிகளை மீளக் கண்டனர். அவர்கள் கண்டது கூரையற்ற சுவரும், அதன்மேற் படர்ந்த பற்றையும். வன்னியிலே கண்ணிவெடிக்கு அஞ்சிப் பற்றையுட் கால்வைக்காது வாழ்ந்தோரும் பலர். இத்தகையோருக்குத் தானாக முளைத்த செடி இயற்கையின் அழகாகத் தோன்றாது. ஆளற்ற வீட்டின் துயரமாகவே தோன்றும். வெட்டி வெளியாக்கிய நிலம் அவர்களுக்கு வீடு திரும்பியதன் சான்று. அவர்களிடம் சென்று பற்றையை வளர்க்குமாறு கூறுதல் இரக்கமற்ற செயலாகும்.

ஆதலின் நான் கூறுவது பற்றையை அன்று. ஆள் வாழும் வீட்டிலே, ஆள் பார்த்து, அளவறிந்து விட்டுவைத்த ஒரு மூலையையே கூறுகின்றேன். முற்றம் முற்றமாகவே இருக்கட்டும். வீட்டைச் சுற்றியும், கிணற்றடியிலும், நடைபாதையிலும் நிலம் வெளியாக இருத்தல் வேண்டும். புடையன் போன்ற பாம்புகள் உலாவும் நாடு இது. பாம்பு எலியைத் தேடி வருவது. கற்குவியலிலும் ஓட்டுக்குவியலிலும் விறகடுக்கிலும் தங்குவது. அக்குவியல்களை அகற்றாது பூண்டை மட்டும் வெட்டுவதாற் பயன் சிறிதேயாகும். டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் நுளம்பும் பெரும்பாலும் சிரட்டையிலும், தகரத்திலும், பழைய ரயரிலும், தேங்கிய தெளிநீரிலுமே பெருகுகின்றது. செடிகளுக்கு இடையே இவை மறைந்து கிடத்தலே ஆபத்து. எனவே விட்டுவைத்த மூலையை வாரம் ஒருமுறை நடந்து பார்த்தல் கட்டாயமாகும். பார்க்க நேரமில்லாதவர் வெட்டிவிடுதலே நன்று.

எல்லாச் செடியையும் விடலாமா என்றால், விடலாகாது. அமெரிக்க நாடுகளிலிருந்து பரவிய பார்த்தீனியம் வடமாகாணத்துத் தோட்டங்களையும் தெருவோரங்களையும் பிடித்துள்ளது. கொத்தமல்லி இலைபோல் வெட்டுண்ட இலையும் சிறு வெண்பூவும் உடையது அது. ஒரு செடி பல்லாயிரம் விதை சொரியும். தோலிலே கடியையும் சிலருக்கு மூச்சிழுப்பையும் உண்டாக்கும். அதனைப் பூக்குமுன், கைகளை மூடிக்கொண்டு, வேரோடு பிடுங்குதல் வேண்டும். நாயுண்ணியும் இடங்கொடுத்தால் மற்றவற்றை நெருக்கிவிடும். அந்நிய நாட்டிலிருந்து வந்தவையெல்லாம் தீயவை என்பதுமில்லை. தொட்டாற்சுருங்கியும் மூக்குத்திப்பூண்டும் அமெரிக்க வெப்பநாடுகளிலிருந்து வந்தவையே. பிறந்த ஊரை விடுத்து, நடந்துகொள்ளும் முறையைக் கொண்டே செடியை மதிப்பிடல் வேண்டும்.

குழந்தைகள் உள்ள வீட்டில் ஊமத்தையையும் குன்றிமணியையும் விட்டுவைத்தல் ஆகாது. குன்றிமணியின் அழகிய சிவந்த விதையை மென்று விழுங்கினால் உயிருக்கே இடர் உண்டாம். கார்த்திகைப்பூக் கொடியின் கிழங்கும் கொடிய நஞ்சு. மூலிகை என்று பெயர்பெற்ற செடிகளிடத்தும் எச்சரிக்கை வேண்டும். வண்ணத்துப்பூச்சிக்கு உணவாகும் ஆடுதின்னாப்பாளையை நாட்டு மருந்தாகப் பயன்படுத்தியோர் பலர். அதிலுள்ள ஒரு பொருள் மனிதரின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்றும் புற்றுநோயை விளைக்கும் என்றும் இப்போது தெளியப்பட்டுள்ளது. ஆதலின் நோய்க்கு மருந்தை வைத்தியரிடங் கேளுங்கள், வேலியிலே தேடாதீர்கள்.

களைகொல்லி மருந்து பற்றியும் ஒரு சொல். கிளைபோசேற்று என்னும் களைகொல்லி 2015ஆம் ஆண்டிலே இந்நாட்டிற் தடைசெய்யப்பட்டது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் விலக்களிக்கப்பட்டது. 2022இல் தடை நீங்கியது. தோட்டத் தொழிலுக்கு அது வேண்டுமா, வேண்டாமா என்பது அறிஞரும் கமக்காரரும் ஆராயவேண்டிய பொருள். ஆனால் நாலு பரப்புக் காணியிலே, குடிநீர்க் கிணற்றுக்குப் பத்தடி தூரத்திலே, கையாற் பிடுங்கக்கூடிய புல்லுக்கு நஞ்சு தெளிக்க வேண்டிய தேவை என்ன? மேலே தெளித்ததை மழை கீழே கொண்டுசெல்லும். கீழே இருப்பது நம் கிணறு.

முடிவாகச் செய்முறை. இவ்வாண்டு மாரி தொடங்குமுன், வளவின் கோடியிலோ வேலியோரத்திலோ ஒரு மூலையைத் தெரிந்தெடுங்கள். நான்கு தடி நாட்டிக் கயிறு கட்டி, ஒரு மீற்றர் நீளமும் ஒரு மீற்றர் அகலமுமாக ஒரு சதுரம் வகுங்கள். அவ்வளவுதான் வேண்டும். அதனுள் முளைப்பதை உடனே பிடுங்க வேண்டாம். இளஞ்செடியைக் கண்டு இனம் அறிதல் கடினம். பூ வரும்வரை பொறுத்திருங்கள். பூ தன்னைத் தானே சொல்லும். பார்த்தீனியம் மட்டும் தெரிந்தவுடன் போகட்டும். பிள்ளைகள் ஒரு கொப்பியிலே வாரந்தோறும் எத்தனை வகை வந்தது என்று எழுதி, இலையை வரைந்து, பெயரைக் கேட்டு எழுதட்டும். எம் பள்ளியிலே ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இவ்வேலையைக் கொடுத்தபோது, அவர்கள் பெயர் கேட்டுச் சென்றது ஆசிரியரிடத்தன்று. வீட்டிலே திண்ணையில் இருந்த அப்பாச்சியிடமும் அம்மம்மாவிடமுமே. நெடுநாள் எவரும் ஒன்றும் கேளாதிருந்த அம்முதியோர், பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வேலியடிக்கு நடந்தனர். சில பெயர்கள் நூலில் இல்லாதவை, அவ்வூருக்கே உரியவை.

தை மாதம் பிறந்து நிலம் காயத் தொடங்கியதும், விதை முற்றி உதிர்ந்த செடிகளை அடியோடு வெட்டித் தென்னைக்கும் வாழைக்கும் தாட்டுவிடலாம். மண்ணிற் சேர்ந்த விதை அடுத்த மாரிக்குக் காத்திருக்கும். விதைக்கு அப்பொறுமை உண்டு, பெயருக்கு இல்லை. அறிந்த முதியவர் ஒருவர் மறைந்தால், அவரோடு மறைந்த பெயரை எந்த மழையும் முளைப்பிக்காது. ஆதலின் அன்பர்களே, மண்வெட்டியை எடுக்குமுன் அச்செடியின் பெயர் என்ன என்று வீட்டிலுள்ள பெரியவரை ஒருமுறை கேளுங்கள்.